பதறாத காரியம் சிதறாது
சால்-ஜெல் முறையில் நுண்படிகப் பீங்கான்

மேல்நிலை இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவியர்

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்பது நம் பாட்டிமார் வழிவழியாகச் சொல்லி வரும் பழமொழி. "பதறாத காரியம் சிதறாது" என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருசேர மெய்ப்பிக்கும் வேதியியல் முறை ஒன்று உண்டு என்பதைச் சென்ற ஆண்டு வரை நாங்கள் அறிந்திருக்கவில்லை. எங்கள் ஆய்வகத்தில் ஆறு கண்ணாடித் தட்டுகளை வைத்துக்கொண்டு, அவற்றுள் ஐந்தை உடைத்த பின்னரே அறிந்தோம். அந்த அனுபவத்தையும், அதன் வழியாக நாங்கள் கற்ற பாடத்தையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

தயிரில் தொடங்குவோம்

இரவில் உறை ஊற்றிய பால் காலையில் தயிராகியிருப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். பாலில் கண்ணுக்குப் புலப்படாத புரதத் துகள்கள் மிதந்துகொண்டிருக்கின்றன. புளிப்பு ஏறியதும் அத்துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஒரு வலைபோல் பின்னிக்கொள்கின்றன. நீர் அந்த வலைக்குள் சிறைப்பட்டுவிடுகிறது. பாத்திரத்தைச் சற்றுச் சாய்த்தாலும் தயிர் ஓடுவதில்லை. மேலும் ஒரு நாள் வைத்திருந்தால் தயிர் சுருங்கி, ஓரத்தில் நீர் விடுகிறது.

இவ்வாறு நுண்துகள்கள் மிதக்கும் நீர்மத்தை வேதியியலார் 'சால்' என்பர். துகள்கள் பின்னிக்கொண்டு உறைந்த நிலையை 'ஜெல்' என்பர். இரண்டும் கூழ்மங்களே. பாலுக்குப் பதிலாக ஓர் உலோகத்தின் சேர்மம், உறைமோருக்குப் பதிலாக நீரும் சிறிது அமிலமும், தயிருக்குப் பதிலாக உலோக ஆக்சைடின் ஜெல் என்று வைத்துக்கொண்டால், அதுவே சால்-ஜெல் முறையாகும். அந்த ஜெல்லை உலர்த்திச் சுட்டால் பீங்கான் கிடைக்கிறது. அதுவும் சாதாரணப் பீங்கான் அன்று. நானோமீட்டர் அளவிலான படிகங்களால் ஆன நுண்படிகப் பீங்கான்!

சிறுமையின் பெருமை

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் இருக்கும். நுண்படிகங்கள் 100 நானோமீட்டருக்கும் குறைந்தவை.

சிறியதாக்குவதால் என்ன பயன்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பக்கத்திற்கு 1 சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே பக்கத்திற்கு 10 நானோமீட்டர் உள்ள கனசதுரங்களாக வெட்டுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு பக்கமும் பத்து இலட்சம் துண்டுகளாகும். மொத்தப் பரப்பும் பத்து இலட்சம் மடங்காகி, 600 சதுர மீட்டராகிவிடும். நம் கூடைப்பந்து ஆடுகளத்தின் நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர்; பரப்பு 420 சதுர மீட்டர். ஆக, விரல் நுனியில் வைக்கக்கூடிய பொருளுக்குள் ஏறக்குறைய ஒன்றரை ஆடுகளத்தின் பரப்பு அடங்கியிருக்கிறது!

பரப்பு மிகுந்தால் ஆற்றல் மிகும். பரப்பிலுள்ள அணுக்களுக்கு எல்லாப் பக்கமும் துணை இல்லை. ஆகவே அவை அருகிலுள்ள துகளோடு இணைந்துவிடத் துடிக்கின்றன. இதனால் நுண்பொடியைக் குறைந்த வெப்பத்திலேயே சுட்டு இறுக்கிவிட முடிகிறது. அலுமினா எனப்படும் அலுமினியம் ஆக்சைடு உருக 2,000 பாகை செல்சியஸுக்கும் மேலான வெப்பம் வேண்டும். சிர்கோனியா எனப்படும் சிர்கோனியம் ஆக்சைடு உருக ஏறத்தாழ 2,700 பாகை வேண்டும். இத்தகைய பொருள்களை உருக்காமலே உருவாக்க வல்லது சால்-ஜெல் முறை.

பாரிஸில் கிடைத்த கண்ணாடித் துண்டு

இம்முறைக்கு வித்திட்டவர் எபெல்மென் என்ற பிரெஞ்சு வேதியியலார். சிலிக்கன் டெட்ராகுளோரைடை ஆல்கஹாலுடன் சேர்த்து அவர் ஒரு நீர்மத்தைப் பெற்றார். அதை ஈரக் காற்றுப் படும்படி நெடுநாள் விட்டு வைத்தபோது, அது மெல்ல மெல்லக் கெட்டியாகி, ஒளி ஊடுருவும் கண்ணாடி போன்ற திண்மமாக மாறியது. உலையில்லை, நெருப்பில்லை, காற்றின் ஈரமே கண்ணாடியை உருவாக்கிவிட்டது! இது நடந்தது 1845ஆம் ஆண்டையொட்டி. பின்னர் அவர் புகழ்பெற்ற செவ்ர் பீங்கான் ஆலையின் நிர்வாகியாகவும் பணியாற்றினார். 1852இல், தம் 37ஆம் வயதிலேயே மறைந்தார். அவருடைய கண்டுபிடிப்பு நெடுங்காலம் ஒரு விந்தையாக மட்டுமே கருதப்பட்டது.

அடுத்து வந்தவர் ஸ்காட்லாந்து நாட்டவரான தாமஸ் கிரஹாம். கூழ்மங்களுக்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை 1861இல் சூட்டியவர் இவரே. அப்பெயர் கோந்து எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. சிலிக்கா ஜெல்லுக்குள் சிறைப்பட்டிருக்கும் நீரை அகற்றி, அந்த இடத்தில் ஆல்கஹாலை நிரப்பலாம் என்று 1864இல் இவர் காட்டினார். ஜெல் என்பது வெறும் குழம்பு அன்று, துளைகள் நிறைந்த ஒரு திண்ம வலை என்பது இதனால் தெளிவாயிற்று. இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். எங்கள் ஆறாவது தட்டைக் காப்பாற்ற முயன்றது இதுவே.

இம்முறையைப் பீங்கான் துறைக்குக் கொண்டு வந்தவர்களில் ஒருவர் நம் நாட்டில் பிறந்தவர் என்பது மகிழ்ச்சிக்குரியது. ருஸ்தம் ராய் 1924இல் ராஞ்சியில் பிறந்து, பாட்னாவில் பயின்று, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தவர். இரண்டு ஆக்சைடுகளை எவ்வளவுதான் அரைத்துக் கலந்தாலும், துகளுக்குத் துகள் கலவை மாறுபடவே செய்யும். உப்பையும் சர்க்கரையையும் பொடியாகக் கலப்பதற்கும், நீரில் கரைத்துக் கலப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். கரைசலில் கலந்து, அப்படியே ஜெல்லாக உறையச் செய்தால் மூலக்கூறு அளவில் சீரான கலவை கிடைக்கும் என்ற கருத்தை 1950களில் அவர் செயல்படுத்திக் காட்டினார்.

குடுவைக்குள் நடப்பது என்ன?

இம்முறையில் பெரும்பாலும் பயன்படுவன ஆல்காக்சைடுகள். நடுவில் ஓர் உலோக அணு. அதைச் சுற்றி ஆல்கஹாலிலிருந்து வந்த தொகுதிகள். சிலிக்கன் அணுவை எடுத்துக்கொண்டால் அதற்கு நான்கு கைகள் எனலாம். நான்கு கைகளிலும் நான்கு பைகள். கைகளில் பை இருக்கும் வரை அருகிலிருப்பவருடன் கை கோக்க இயலாது அன்றோ?

இப்போது நீர் வருகிறது. ஒரு கையிலுள்ள பையை வாங்கிக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை வைக்கிறது. வாங்கிய பை ஆல்கஹாலாக வெளியேறுகிறது. இது நீராற்பகுப்பு. ஹைட்ராக்சில் பெற்ற இரண்டு கைகள் சந்திக்கும்போது, ஒரு மூலக்கூறு நீர் வெளியேற, ஓர் ஆக்சிஜன் அணு இரண்டு கைகளையும் இணைக்கிறது. இது குறுக்க வினை. இவ்விரண்டு வினைகளும் மாறி மாறி நிகழ, கும்மியடிக்கும் வட்டம்போல் அணுக்கள் கைகோத்துக்கொண்டே போகின்றன. முதலில் நுண்துகள்கள், அடுத்து துகள்களின் வலை, இறுதியில் குடுவை முழுவதும் ஒரே ஜெல்.

அமிலம் சேர்த்தால் நீண்ட சங்கிலிகள் மிகுதியாக உருவாகும். காரம் சேர்த்தால் உருண்டைத் துகள்கள் மிகுதியாக உருவாகும். நீரின் அளவு, வெப்பநிலை, கலக்கும் வேகம் ஆகிய ஒவ்வொன்றும் முடிவை மாற்றும். டைட்டேனியம், சிர்கோனியம் ஆகியவற்றின் ஆல்காக்சைடுகள் நீரைக் கண்டவுடன் பாய்ந்து வினைபுரிபவை. நீரை அவசரமாக ஊற்றினால் ஜெல்லுக்குப் பதிலாக வெண்ணிற வீழ்படிவே மிஞ்சும். எனவே நீரைத் துளித்துளியாக, ஆல்கஹாலில் கலந்து விட வேண்டும். பொறுமை என்னும் பாடம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

எங்கள் ஆறு தட்டுகள்

ஆல்காக்சைடுகள் விலை மிகுந்தவை. அவற்றுள் சில கண்ணுக்குப் பெருந்தீங்கு விளைவிப்பவை. ஆகவே எங்கள் வேதியியல் ஆசிரியையான சிஸ்டர், நீர்க்கண்ணாடி எனப்படும் சோடியம் சிலிக்கேட் கரைசலையும் நீர்த்த அசிட்டிக் அமிலத்தையுமே எங்களிடம் தந்தார்கள். கண்ணாடி அணிந்து, கையுறை மாட்டி வேலையைத் தொடங்கினோம். அறிவியல் கண்காட்சிக்கு அப்போது 15 நாட்கள் இருந்தன.

முதல் முயற்சியில் அமிலத்தை ஒரேயடியாக ஊற்றிவிட்டோம். ஊற்றிய இடத்திலேயே கட்டி கட்டியாகத் திரிந்துபோயிற்று. இரண்டாம் முறை கலக்கிக்கொண்டே சிறிது சிறிதாகச் சேர்த்தோம். சில நிமிடங்களில் கரைசல் சற்றே மங்கி, பின் அசையாமல் நின்றது. தட்டைச் சாய்த்தோம், ஓடவில்லை. எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது! வினையில் உண்டான உப்பு ஜெல்லுக்குள் தங்கியிருக்கும் என்பதால், ஆறு தட்டுகளையும் மூன்று நாட்கள் நீரில் ஊற வைத்து, காலையும் மாலையும் நீரை மாற்றினோம்.

பின்னர் இரண்டு தட்டுகளை வெயிலில் வைத்தோம். இரண்டைத் திறந்தபடி நிழலில் வைத்தோம். மீதி இரண்டை, ஊசியால் துளையிட்ட காகிதத்தால் மூடி நிழலில் வைத்தோம். மூடிய இரண்டில் ஒன்றினுள்ளிருந்த நீரை மட்டும், கிரஹாம் காட்டிய வழியில், ஆல்கஹாலில் பல முறை ஊற வைத்து மாற்றியிருந்தோம்.

வெயிலில் வைத்தவை மாலை மணி அடிப்பதற்கு முன்பே, வறண்ட குளத்தின் அடிமண் போல் பாளம் பாளமாக வெடித்துவிட்டன. நிழலில் திறந்து வைத்தவை இரண்டு நாளில் மூன்று நான்கு துண்டுகளாயின. காகிதம் மூடிய முதல் தட்டு ஒன்பதாம் நாள் ஓரத்திலிருந்து நடுவரை ஒரு கீறல் கண்டது. ஆல்கஹால் மாற்றிய ஆறாவது தட்டு மட்டும் முழுமையாக இருந்தது.

ஏன் வெடிக்கிறது?

ஜெல்லின் துளைகள் சில நானோமீட்டர் அளவே உள்ள நுண்குழாய்கள். நீர் ஆவியாகும்போது ஒவ்வொரு குழாயிலும் நீர்ப்பரப்பு வளைந்து, சுவர்களை உள்நோக்கி இழுக்கிறது. இந்த இழுவிசையைக் கணக்கிட நாம் இயற்பியலில் படித்த வாய்பாடே போதும்: பரப்பு இழுவிசையை இரண்டால் பெருக்கி, துளையின் ஆரத்தால் வகுக்க வேண்டும். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். துளையின் ஆரம் 5 நானோமீட்டர் எனில், கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ 280 வளிமண்டல அழுத்தம்! தயிரைப் போன்ற மென்மையான ஒரு வலை இதை எவ்வாறு தாங்கும்?

ஆல்கஹாலின் பரப்பு இழுவிசை 0.022 மட்டுமே. ஆகவே அழுத்தமும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடுகிறது. ஆறாவது தட்டின் இரகசியம் இதுதான்.

ஆனால் அழுத்தம் மட்டுமே குற்றவாளி அன்று. தட்டு முழுவதும் ஒரே சீராகச் சுருங்கினால் அது சிறிதாகுமேயன்றி உடையாது. அவசரமாக உலர்த்தும்போது வெளிப்புறம் முதலில் சுருங்குகிறது. உட்புறம் ஈரமாக இருப்பதால் சுருங்க மறுக்கிறது. இந்த இழுபறியில்தான் கீறல் விழுகிறது. மண்பாண்டம் செய்பவர்கள் பச்சைப் பானையை வெயிலில் வைக்காமல் முதலில் நிழலில் உலர்த்துவதும் இதனால்தான். அவர்கள் அனுபவத்தால் அறிந்ததை நாங்கள் ஐந்து தட்டுகளைக் கொடுத்து அறிந்தோம்.

நீர்மப் பரப்பே உண்டாகாதபடி செய்துவிட்டால் இழுவிசையே இராது என்று சிந்தித்தார் அமெரிக்காவின் கிஸ்லர். நீர்மத்தை அதன் மாறுநிலை வெப்பத்திற்கும் அழுத்தத்திற்கும் மேலே கொண்டுசென்று, வளிமமாக மெல்ல வெளியேற்றினார். ஜெல் சுருங்காமலே உலர்ந்தது. 1931இல் அவர் வெளியிட்ட இந்த 'ஏரோஜெல்' பெரும்பகுதி காற்றாலேயே ஆனது.

கண்காட்சி நாளன்று

உடைந்தவற்றை ஒளித்து வைத்துவிட்டு ஆறாவது தட்டை மட்டும் காட்சிக்கு வைக்கலாம் என்பது எங்கள் எண்ணம். சிஸ்டர் அதற்கு இசையவில்லை. "உடைந்ததையும் கொண்டுபோய் வையுங்கள் பிள்ளைகளே. எது ஏன் உடைந்தது என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். பார்ப்பவர்கள் அதிலிருந்துதான் படிப்பார்கள்" என்றார்கள். அவ்வாறே செய்தோம். வந்த பெற்றோர்களில் பலர் உடைந்த தட்டுகளின் அருகில்தான் நெடுநேரம் நின்று கேள்வி கேட்டனர்.

ஆனால் ஒரு தவறு செய்துவிட்டோம். ஆறாவது தட்டை நன்றாகக் காட்ட வேண்டும் என்ற ஆவலில் காகிதத்தை எடுத்துவிட்டோம். அன்று வெள்ளிக்கிழமை. மாலையில் மறுபடியும் மூட மறந்து வீடு திரும்பினோம். திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால், அதுவும் இரண்டாகப் பிளந்து கிடந்தது. எங்களில் சிலர் அழுதே விட்டோம். யாரைக் குறை சொல்வது? எங்கள் பதற்றமும் மறதியுமே அதை உடைத்தன.

அதன் பின் கண்காட்சி என்ற கெடு ஏதுமின்றி, ஏழாவதாக ஒரு தட்டை வைத்தோம். அதற்கு ஐந்து வாரம் ஆயிற்று. ஒன்பது சென்டிமீட்டர் அகலமாயிருந்த ஜெல் ஏறத்தாழ பாதியாகச் சுருங்கி, ஒரு சிறு கண்ணாடி வில்லையாக நின்றது. ஓரத்தில் சிறிது சிதைவு உண்டு, மற்றபடி முழுமையே.

நெருப்பில் பிறக்கும் படிகம்

எங்கள் வில்லை பீங்கான் அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது சிலிக்கா ஜெல். புதிய காலணிப் பெட்டியில் ஈரம் உறிஞ்சுவதற்காக வைக்கும் சிறு பொட்டலத்தில் இருப்பதும் அதே பொருள்தான். அதில் அணுக்கள் ஒழுங்கற்றுக் கிடக்கின்றன, படிகம் இல்லை. மற்ற ஆக்சைடுகளின் உலர்ந்த ஜெல்லிலும் முதலில் இதே நிலைதான். படிகம் பிறக்க உலை வேண்டும்.

உலையில் வைத்து மெல்ல வெப்பத்தை ஏற்றினால், முதலில் எஞ்சிய நீரும் ஆல்கஹாலும் வெளியேறும். 300 முதல் 500 பாகைக்குள் கரிமப் பொருள்கள் எரிந்து நீங்கும். இங்கும் அவசரப்பட்டால் வெளியேறும் வளிமம் ஜெல்லைப் பிளந்துவிடும். ஏறத்தாழ 400, 500 பாகையில் டைட்டேனியா, சிர்கோனியா போன்றவற்றில் சில நானோமீட்டர் அளவுள்ள படிகங்கள் தோன்றுகின்றன. அதாவது, நுண்படிகத்தைப் பிறப்பிப்பது அத்துணைக் கடினமன்று. அதைச் சிறியதாகவே காப்பதுதான் கடினம்.

ஏனெனில், துளைகளை மூடி இறுக்க இன்னும் வெப்பம் வேண்டும். வெப்பம் மிகுந்தால் பெரிய படிகங்கள் சிறிய படிகங்களை விழுங்கி மேலும் பெரிதாகும். இறுக்கம் வேண்டும், வளர்ச்சி கூடாது. இரண்டும் ஒன்றாக நிகழ்வது எவ்வாறு? 2000ஆம் ஆண்டில் சென், வாங் என்ற இரு ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு வழி காட்டினர். இட்ரியா எனப்படும் இட்ரியம் ஆக்சைடின் நுண்பொடியை முதலில் உயர்ந்த வெப்பத்திற்குக் கொண்டுசென்று, உடனே வெப்பத்தைக் குறைத்து, அந்தக் குறைந்த வெப்பத்திலேயே பல மணி நேரம் நிறுத்தி வைத்தனர். படிகம் வளர அந்த வெப்பம் போதாது. துளைகள் மூட மட்டும் போதும். இறுதியில் ஏறத்தாழ 60 நானோமீட்டர் படிகங்களால் ஆன, நன்கு இறுகிய பீங்கான் கிடைத்தது. உலைக்குள்ளும் வென்றது பொறுமையே!

கீறலைத் தானே மூடும் பீங்கான்

நுண்படிகத்தின் பெருமையை விளக்க ஓர் எடுத்துக்காட்டுப் போதும். அது சிர்கோனியா. சிர்கோனியம் என்ற தனிமத்தை 1789இல் கண்டறிந்தவர் ஜெர்மானிய வேதியியலாரான கிளாப்ரோத். அவர் ஆராய்ந்தது இலங்கையில் கிடைத்த சிர்கான் என்னும் கல். நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் இந்தச் சிர்கான் கிடைக்கிறது. அங்கே மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படுகிறது.

சிர்கோனியாவுக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. ஏறத்தாழ 1,170 பாகைக்கு மேல் அதன் படிகம் நாற்கோண வடிவில் இருக்கும். குளிரும்போது ஒற்றைச் சரிவு வடிவத்துக்கு மாறும். மாறும்போது கன அளவு நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் பெருகும். ஆகவே தூய சிர்கோனியாவில் செய்த பொருள் உலையிலிருந்து வெளிவரும்போதே நொறுங்கிவிடும்.

படிகம் ஏறத்தாழ 30 நானோமீட்டருக்கும் சிறிதாயின், அறை வெப்பநிலையிலும் அது நாற்கோண வடிவிலேயே நிலைத்திருக்கிறது என்று 1965இல் கார்வி என்ற ஆய்வாளர் தெரிவித்தார். சிறுமையே அதற்குக் காவல்! பின்னர் 1975இல் ஆஸ்திரேலியாவிலிருந்து அவரும் ஹானிங்க், பாஸ்கோ ஆகியோரும் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரைக்குப் "பீங்கான் எஃகா?" எனப் பொருள்படும் தலைப்பை இட்டனர். அதில் கூறப்பட்ட செய்தி வியப்பானது. பீங்கானுக்குள் நாற்கோண வடிவிலேயே நிறுத்தி வைக்கப்பட்ட நுண்படிகங்கள் கீறல் வரும் வரை காத்திருக்கின்றன. கீறலின் முனை நெருங்கியதும் அங்குள்ள இழுவிசையால் வடிவம் மாறிப் பெருக்கின்றன. பெருத்த படிகங்கள் கீறலை இருபுறமும் நெருக்கி, மேலே செல்லவிடாமல் தடுத்துவிடுகின்றன. உலையில் பொருளை நொறுக்கிய அதே குணம், அளவறிந்து பயன்படுத்தியதும் பொருளைக் காக்கும் குணமாகிவிட்டது.

இன்று பல் மருத்துவர் பொருத்தும் வெண்ணிறச் சிர்கோனியாப் பல்லுறை இந்த வகையைச் சேர்ந்ததே. கரைசலிலிருந்து பெறும் நுண்பொடியில் சிறிது இட்ரியா சேர்த்து, கட்டியாக்கி, தேவையான அளவைவிடப் பெரிதாகக் கடைந்து, பின் ஏறத்தாழ 1,500 பாகையில் சுடுகிறார்கள். சுடும்போது நீளம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிச் சரியான அளவுக்கு வருகிறது. இதற்குள் படிகங்கள் சில நூறு நானோமீட்டராக வளர்ந்துவிடும். எனினும் இட்ரியாவின் துணையால் நாற்கோண வடிவம் நிலைத்திருக்கிறது.

இன்னும் சில பயன்கள்

சாணைச் சக்கரத்திலும் உப்புத்தாளிலும் உள்ள அலுமினாத் துகள்கள், முன்பு மின்னுலையில் உருக்கி உடைக்கப்பட்டவையாகவே இருந்தன. 1980களில் சால்-ஜெல் வழியாகப் பெற்ற துகள்கள் விற்பனைக்கு வந்தன. இவற்றின் படிகங்கள் ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. எனவே தேயும்போது சிறு சிறு துணுக்குகளாக உதிர்ந்து, புதிய கூர் வெளிப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

1991இல் ஓ'ரீகன், கிரேட்செல் ஆகிய இருவரும் டைட்டேனியா நுண்படிகங்களாலான மெல்லிய படலத்தின்மேல் ஒரு சாயத்தை ஏற்றி, இலைகள் ஒளியைப் பற்றுவது போல் சூரிய ஒளியைப் பற்றி மின்சாரமாக்கும் கலத்தை வெளியிட்டனர். நுண்படிகங்களின் பெரும் பரப்பே அத்தனை சாயத்திற்கும் இடம் கொடுத்தது. நம் நாட்டிலும் கொல்கத்தாவிலுள்ள மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனத்தில் சால்-ஜெல் ஆய்வு நடைபெற்று வருகிறது.

குறைகளும் உண்டு. மூலப்பொருள்கள் விலை மிகுந்தவை. உலர்த்தும் காலம் நீண்டது. சுருக்கம் மிகுதியாதலால் பெரிய, தடித்த பொருள்களை இம்முறையில் நேரடியாகச் செய்தல் அரிது. பொடிக்கும், இழைக்கும், மெல்லிய படலத்துக்குமே இது மிகவும் ஏற்றது. மேலும் நுண்பொடிகளை மூச்சில் இழுத்தல் தீங்கு. அவற்றைக் கையாள்பவர் முகமூடியும் காற்றோட்டமும் இன்றி வேலை செய்யலாகாது.

முடிவாக

சால்-ஜெல் முறையில் நுண்மையைத் தருவது வேதியியல். அந்த நுண்மையை உடையாமலும் பெருக்காமலும் காப்பது பொறுமை. துளித்துளியாக நீர் சேர்த்தல், வாரக்கணக்கில் உலர்த்தல், மெல்ல மெல்ல வெப்பம் ஏற்றல், ஏற்றிய பின் காத்திருத்தல் ஆகிய நான்கில் எதில் அவசரப்பட்டாலும் முன் செய்த வேலை அனைத்தும் வீணே.

அடுத்த ஆண்டு இவ்வகுப்பிற்கு வரும் தங்கையரே! ஆய்வகத்தின் இடப்புற அலமாரியில், மேல்தட்டில், பஞ்சு வைத்த சிறு பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் எங்கள் ஏழாவது வில்லை உள்ளது. அதன் பக்கத்திலேயே உடைந்த ஆறாவது தட்டின் இரு துண்டுகளும் உள்ளன. இரண்டையும் பாருங்கள். எங்களுக்குக் கிடைக்காத உலை உங்களுக்குக் கிடைக்குமாயின், நாங்கள் நிறுத்திய இடத்திலிருந்து தொடருங்கள். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை வீடு திரும்புமுன், தட்டின்மேல் காகிதம் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.